தப்பியது யார்? ஒரு கேம் ஆர்பிஜியா என்று 2 மணி நேரத்தில் கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி (தகவல் சேமிக்கும் டிரைவ்) வாங்க பெங்களூர் எஸ்.பி. ரோட்டுக்குப் போயிருந்தோம், நானும் அக்கா பையனும். அல்சூரில் மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, சிக்பேட்டையில் இறங்கி நடக்கும் வரை அவனுக்கு ஒரே புலம்பல். தள்ளுபடியில் ஒரு கேம் வாங்கியிருக்கிறான். கடைப் பக்கத்தில் ஆர்பிஜி, அதாவது ரோல் பிளேயிங் கேம், என்று போட்டிருந்ததாம்.

"லெவல் இருக்கு மாமா, எக்ஸ்பி இருக்கு, ஸ்கில் ட்ரீ கூட இருக்கு. ஆனா ஆடினா ஆர்பிஜி மாதிரியே இல்ல. ஏன்?" எக்ஸ்பி என்றால் ஆட ஆட ஏறும் அனுபவப் புள்ளி. ஸ்கில் ட்ரீ என்றால் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போகும் திறமைகளின் கிளைப் படம்.

நடைபாதையெல்லாம் கேபிள் சுருளும் கீபோர்டு பெட்டியுமாகக் கிடக்கிற அந்தத் தெருவில் நின்று பதில் சொல்ல முடியவில்லை. வேலையை முடித்துக்கொண்டு திகளர்பேட்டைப் பக்கம் நடந்தோம். அங்கேதான் தர்மராயசாமி கோயில். பெங்களூர் கரகம் புறப்படுகிற இடம். கோபுரத்தைப் பார்த்ததும் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. தர்மராஜா என்றால் சூதாட்டம் நினைவுக்கு வராமல் இருக்குமா?

அந்தச் சபையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பணயம் வைப்பவன் துரியோதனன். கட்டையை உருட்டுவது அவன் இல்லை. "பொன்னும் மணியும் நான் வைக்கிறேன், எனக்காக மாமா ஆடுவார்" என்கிறான். ஒருவனுக்காக இன்னொருவன் ஆடுவது முறையா என்று தருமன் அங்கேயே கேட்கிறான். கேட்டுவிட்டு உட்கார்ந்தும் விடுகிறான், அது வேறு கதை. ஆட வேண்டும் என்ற முடிவு துரியோதனனுடையது. ஜெயிப்பது சகுனியின் கைத்திறமை. துரியோதனனே உருட்டியிருந்தால் பாரதம் வேறு மாதிரி போயிருக்கும்.

"முடிவு உன்னுது, கை வேற ஒருத்தனுது. ஆர்பிஜி அவ்வளவுதான்டா" என்றேன்.

"அப்ப மாமாதான் கேரக்டரா?"

அந்தக் கதையில் ஆமாம்.

கீழே உள்ளது அன்று இரவு அவனுக்காக எழுதியது. நான் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருப்பவன், அதனால் விளக்கத்தைவிடச் சோதனைகள்தான் அதிகம் இருக்கும். எல்லாவற்றையும் 2 மணி நேரத்துக்குள் அடக்கியதற்குக் காரணம் உண்டு. ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அவன் வாங்கி 3 நாள் ஆகியிருந்தது, 40 நிமிடம் ஆடியிருந்தான். மிச்சம் 80 நிமிடம். உங்களுக்கு முழுசாக இருக்கும்.

படி 1: பெயரை மறந்துவிடுங்கள்

ரோல் பிளேயிங் என்றால் ஒரு வேடம் ஏற்பது, எனவே வேடம் ஏற்கும் கேமெல்லாம் ஆர்பிஜி. பெயரைப் பிடித்துக்கொண்டு பேசுபவர்கள் இங்கேதான் வந்து நிற்பார்கள். அப்படியானால் குழாய் வேலைக்காரன் மாரியோவும் ஆர்பிஜி, கிரிக்கெட் கேமில் பேட்ஸ்மேனாக இறங்குவதும் ஆர்பிஜி. வேடம் இல்லாத கேம் என்று தேடினால் டெட்ரிஸ் மாதிரி சிலதுதான் மிஞ்சும்.

இந்தப் பெயர் கம்ப்யூட்டருக்கு முன்னால் வந்தது. மேஜைமேல் பொம்மைப் படைகளை வைத்துப் போர் ஆடிக்கொண்டிருந்த அமெரிக்கர்கள் சிலர், ஒரு படை முழுவதையும் நகர்த்துவதை விட்டுவிட்டு ஆளுக்கு ஒரே ஒரு மனிதனை எடுத்துக்கொண்டு ஆடத் தொடங்கினார்கள். அதிலிருந்து கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் 1974-ல் வெளிவந்தது. 'படை' இருந்த இடத்தில் 'ஒரு ஆள்' வந்ததைத்தான் ரோல் என்ற சொல் அன்றைக்குச் சுட்டியது. அந்த வேறுபாடு இன்று எந்த கேமையும் பிரித்துக் காட்ட உதவாது. எனவே பெயரை வைத்து வாதாட வேண்டாம். கடைக்காரர் ஒட்டும் சீட்டையும் நம்ப வேண்டாம். ஆட்கள் எதைத் தேடுகிறார்களோ அதைத்தான் அவர் ஒட்டுவார்.

படி 2: முதல் திரையில் அவசரப்படாதீர்கள் (10 நிமிடம்)

புது ஆட்டம் தொடங்கியதும் என்ன கேட்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். மூக்கு, முடி, தாடி இதெல்லாம் கணக்கில் வராது. பலம், அறிவு, பேச்சு, கைவேகம் மாதிரி ஏதாவது கேட்கிறதா? ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறைகிறதா?

1997-ல் வந்த ஃபால்அவுட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பலம், கூர்நோக்கு, தாங்கும் சக்தி, வசீகரம், அறிவு, சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம் என்று 7 குணங்கள். ஒவ்வொன்றும் 5-ல் நிற்கும், கையில் இன்னும் 5 புள்ளி. மொத்தம் 40. ஒன்றை 10-க்கு ஏற்ற நினைத்தால் அந்த 5 புள்ளியும் அதிலேயே தீர்ந்துவிடும். மற்றதையும் உயர்த்த வேண்டுமென்றால் எங்காவது வெட்ட வேண்டும். மாதச் சம்பளத்தில் வாடகைக்கு எவ்வளவு, சீட்டுக்கு எவ்வளவு என்று பிரிப்பது மாதிரி. இந்தப் பற்றாக்குறை இருந்தால் தாளில் ஒரு டிக்.

எதுவுமே கேட்காமல் நேராகக் கதைக்குள் தள்ளினாலும் கவலை இல்லை. இது இருந்தே ஆக வேண்டிய விஷயம் இல்லை. ஜப்பான் பக்கம் வரும்போது ஏன் என்று தெரியும்.

ஒரு எச்சரிக்கை. சில கேம்களில் முகத்தைச் செதுக்கும் கருவி அவ்வளவு சுகமாக இருக்கும், ஒரு மணி நேரம் போனதே தெரியாது. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் முகத்தையே எடுத்துக்கொண்டு போங்கள்.

படி 3: தப்பியது யார்? (40 நிமிடம்)

மற்ற எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள். முதல் சண்டையிலோ, முதல் பூட்டை உடைக்கும்போதோ, முதல் முறை யாரையாவது பேசி மடக்கப் பார்க்கும்போதோ, தோற்றவுடன் உங்களையே கேளுங்கள்: இப்போது தப்பியது, அதாவது குறி தவறியது, நானா, கேமுக்குள் இருக்கும் என் ஆளா?

கவுன்ட்டர் ஸ்டிரைக்கில் குண்டு படவில்லை என்றால் தப்பியது நீங்கள். மவுஸ் நழுவியது, பதற்றத்தில் சீக்கிரம் சுட்டீர்கள், யாரையும் குறை சொல்ல முடியாது.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்தில் 2002-ன் மோரோவிண்ட். சேய்டா நீன் என்ற துறைமுக ஊரில் இறங்கி, வெளியே ஒரு நண்டைப் பார்த்து கத்தியை வீசினேன். கத்தி நண்டின் உடம்புக்குள் புகுந்து வெளியே வந்தது. கண்ணால் பார்த்தேன். ஆனால் படவில்லை. மறுபடி வீசினேன், படவில்லை. ஏழெட்டு முறை. கேம் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து மறுபடி இன்ஸ்டால் செய்தவன் நான். அப்புறம்தான் புரிந்தது. என் ஆளுக்குக் கத்தி பிடிக்கத் தெரியாது. குறுங்கத்தித் திறமை அடிமட்டத்தில் கிடக்கிறது, ஓடி வந்ததில் களைப்பு வேறு. உள்ளே கேம் ஒரு கட்டை உருட்டி, தவறிவிட்டது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. நான் சரியாகத்தான் குறி வைத்தேன். தப்பியது அவன்.

இதில் எரிச்சல் அடைந்தவர்கள் ஏராளம். அதே வரிசையில் 2006-ல் வந்த ஆப்லிவியனில் இதை எடுத்துவிட்டார்கள். கத்தி பட்டால் பட்டதுதான், எவ்வளவு வலிக்கும் என்பதை மட்டும் திறமை முடிவு செய்யும். ஆட இதமாகிவிட்டது. என்னைக் கேட்டால் ஒரு படி கீழே இறங்கியும் விட்டது. ஆனால் இதில் நான் சிறுபான்மைக் கட்சி.

இரண்டுக்கும் நடுவில் அழகான ஒரு தீர்வு 2000-ல் வந்த டியூஸ் எக்ஸில் இருக்கிறது. துப்பாக்கியை நீட்டியதும் குறிக்கோடுகள் அகலமாக விரிந்து நிற்கும். அசையாமல் நின்றால் மெல்ல மெல்லக் குவியும். எவ்வளவு சீக்கிரம் குவியும் என்பது உங்கள் ஆளின் பயிற்சியைப் பொறுத்தது. பயிற்சி இல்லாதவனாக வாசல் காவலாளியைக் குறி வைத்தால், அவன் நடந்து மறையும் வரை மூச்சைப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். தேர்ந்தவனாக இருந்தால் கோடுகள் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். குறி வைப்பது உங்கள் கை, நடுங்குவது அவன் கை.

இதைச் சோதிக்க எளிய வழி, கை மாற்றுவது. வீட்டில் கேமே ஆடாத ஒருவரிடம் கன்ட்ரோலரைக் கொடுங்கள். என் அக்காவிடம் கொடுத்துப் பார்த்தேன். முறை வைத்து அடித்துக்கொள்ளும் பழைய பாணி கேமில், வளர்ந்த ஆளை வைத்துக்கொண்டு, "எதை அமுக்கணும்?" என்று கேட்டுக் கேட்டே ஒரு பூதத்தை வீழ்த்திவிட்டார். டார்க் சோல்ஸில் அதே அக்கா முதல் எலும்புக்கூட்டைத் தாண்டவில்லை. ஆனால் அதே டார்க் சோல்ஸில் லெவலே ஏற்றாமல் கடைசி வரை போகிறவர்களும் இருக்கிறார்கள். கையும் கணக்கும் பாதிப்பாதி. ஆக்‌ஷன் ஆர்பிஜி என்று அடைமொழி போட்டுச் சொல்வது அதனால்தான், அது சரியான அடைமொழி.

தாளில் எழுத வேண்டியது: பத்துத் தோல்வியில் எத்தனை முறை தப்பியது உங்கள் ஆள்? மூன்று நான்கு இருந்தால்கூட டிக் போடலாம். ஒன்றும் இல்லையென்றால், லெவல் 100 வரை போனாலும், அது வேறு ஏதோ.

படி 4: எண்ணுக்கு வேலை இருக்கிறதா? (10 நிமிடம்)

எக்ஸ்பி, லெவல், ஸ்கில் ட்ரீ. அக்கா பையன் ஏமாந்தது இங்கேதான். ஏமாறாதவர் யார்? 2007-ல் கால் ஆஃப் டூட்டி 4-ன் ஆன்லைன் ஆட்டத்தில் சுடச் சுட எக்ஸ்பி ஏறி, லெவல் ஏற ஏறப் புதுத் துப்பாக்கி திறந்தது. அதற்குப் பிறகு எந்தக் கேமைத் தொட்டாலும் ஒரு பட்டை நிரம்புகிறது. ஓட்டப் பந்தயக் கேமில் லெவல். பிஜிஎம்ஐயில் (பப்ஜியின் இந்திய வடிவம்) உங்கள் கணக்குக்கு ஒரு லெவல். அந்த லெவல் 60-ஆக இருந்தாலும், பாராசூட்டில் குதித்து இறங்கும்போது நீங்களும் நேற்றுச் சேர்ந்தவனும் ஒரே உடம்புதான்.

சாம்பாரில் பெருங்காயம் போட்டதற்காக அதைப் பெருங்காயக் குழம்பு என்று யாரும் சொல்வதில்லை.

எனவே கேட்க வேண்டியது, இந்த எண் எங்கே போய்ச் சேருகிறது என்பது. கேம் எதையோ தீர்மானிக்கும்போது அந்த எண்ணை எடுத்துப் பார்க்கிறதா? அந்த எண்ணை எங்கே போடுவது என்று முடிவு செய்தது நீங்களா? இரண்டுக்கும் ஆம் என்றால் டிக். பாதித் தேர்ச்சிக்கு நம் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ், 2004. பர்கர் தின்றால் நாயகன் சிஜே குண்டாவான், ஜிம்முக்குப் போனால் புஜம் வரும், ஒரே துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே இருந்தால் அதில் குறி துல்லியமாகும். எண் வேலை செய்கிறது. ஆனால் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. பொறுமை இருந்தால் எல்லாவற்றையும் நிரப்பலாம், நிரப்பினாலும் சிஜே அதே சிஜேதான், கதையும் அதே கதை.

வேறு ஒரு வேடிக்கை. 2015-ல் வந்த அண்டர்டேலில் எக்ஸ்பி, லவ் என்று இரண்டு எண்கள் ஏறும். கடைசியில்தான் சொல்வார்கள், எக்ஸ்பி என்பது கொன்ற கணக்கு, லவ் என்பது வன்முறையின் அளவு என்று. எண் ஏறினால் நல்லது என்ற நம் பழக்கத்தைப் பிடித்து அறைந்த கேம் அது.

கொஞ்சம் நிறுத்தி, கட்டையைப் பார்ப்போம்

தாயக்கட்டை ஆடியிருப்பீர்கள். தாயம் விழாமல் காய் இறங்காது. பாட்டி உருட்டினாலும் பேரன் உருட்டினாலும் கட்டைக்கு ஒன்றுதான். அறுபது வருஷம் ஆடிய பாட்டிக்காகக் கட்டை கூடுதலாக ஒரு புள்ளி போடாது. ஆர்பிஜியில் கட்டை உங்கள் ஆள் யார் என்று விசாரித்துவிட்டுத்தான் விழும்.

இதைத் திரை மறைவில் ஒளிக்காமல் காட்டும் கேம், 2019-ன் டிஸ்கோ எலிசியம். இரண்டு ஆறுமுகக் கட்டை உருட்டி, அதோடு உங்கள் ஆளின் திறமையைக் கூட்டுவார்கள். இலக்கு 10 என்று வையுங்கள். திறமை 1 என்றால் கட்டையில் 9 விழ வேண்டும். இரண்டு கட்டைக்கு மொத்தம் 36 வாய்ப்பு, அதில் 9-ஓ அதற்கு மேலோ விழுவது 10. அதாவது 28 சதவீதம். திறமை 2 என்றால் 42. திறமை 3 என்றால் 58. திறமை 4 என்றால் 72. ஒவ்வொரு புள்ளிக்கும் 14, 16 என்று தாவுகிறது. டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் பயன்படுத்தும் 20 முகக் கட்டையில் ஒரு புள்ளிக்கு 5 சதவீதம்தான். அதனால்தான் டிஸ்கோவில் ஒரு புள்ளி எங்கே போடுவது என்று பத்து நிமிடம் உட்கார்ந்து யோசிக்கிறோம்.

இரண்டு ஆறு விழுந்தால் எப்படியும் வெற்றி, இரண்டு ஒன்று விழுந்தால் எப்படியும் தோல்வி. சகுனிக்கும் ஒரு நாள் சறுக்கும் என்கிற விதி.

படி 5: சண்டைக்கு வெளியே உங்கள் ஆள் யார்? (20 நிமிடம்)

கத்தியைக் கீழே வைத்துவிட்டு ஊருக்குள் போங்கள். நாலு பேரிடம் பேசுங்கள். உங்கள் ஆளின் குணத்துக்கு ஏற்ப உரையாடல் மாறுகிறதா? மற்றவர்களுக்குத் தெரியாத ஏதாவது அவனுக்கு மட்டும் தெரிகிறதா?

டிஸ்கோ எலிசியத்தில் தனியாகச் சண்டை முறை என்று ஒன்றே கிடையாது. 4 குணம், ஒவ்வொன்றின் கீழும் 6 என மொத்தம் 24 திறமைகள், ஒவ்வொன்றும் உங்கள் தலைக்குள் உட்கார்ந்து பேசும். ஒன்று பொய்யை மோப்பம் பிடிக்கும், இன்னொன்று சும்மா வம்பு வளர்க்கும். ஆட்டம் தொடங்கியதும் மின்விசிறியில் மாட்டிக்கொண்டு சுழலும் டையை எடுக்கப் போய், உடம்பில் தெம்பு இல்லாத ஆளாக இருந்தால் மாரடைப்பு வந்து செத்தே போகலாம். ஆட்டம் முடிந்தது, முதல் அறையிலேயே. வாய்விட்டுச் சிரித்தேன். இவ்வளவு நேர்மையான கேரக்டர் ஷீட்டை (ஆளின் குணங்களை எழுதி வைக்கும் தாளை) நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மேஜை ஆட்டத்தில் இது இன்னும் பச்சையாகத் தெரியும். அல்சூர் ஏரிப் பக்கம் நண்பர் வீட்டில் சனிக்கிழமை ராத்திரி நாலைந்து பேர் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆடுகிறோம். எங்களில் ஒருவர் ஆட்டோக்காரரிடம் மீட்டர் போடச் சொல்லவே கூச்சப்படுவார். அவருடைய ஆள் ஒரு பாடகன், வசீகரம் 18. ஒருநாள் நகர வாயிலில் காவலாளி வழி மறித்தான்.

"ஏதாவது சொல்லி உள்ள போறேன்."

"என்ன சொல்வீங்க?" என்றார் ஆட்டம் நடத்துபவர்.

"எனக்கு என்னங்க தெரியும்? என் ஆளுக்குத் தெரியும். உருட்டறேன், பாருங்க."

உருட்டினார், 17 விழுந்தது, வாயில் திறந்தது. நாங்கள் எல்லோரும் திட்டினோம், நாலு வார்த்தை பேசக்கூடாதா என்று. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. பலம் 18 உள்ள ஆளை ஆடுபவரிடம் முதலில் மேஜையைத் தூக்கிக் காட்டச் சொல்கிறோமா?

படி 6: இன்னொரு ஆளைச் செய்யுங்கள் (20 நிமிடம்)

சேவ் செய்துவிட்டு வெளியே வாருங்கள். புது ஆட்டம். முதல் ஆள் பலசாலி என்றால் இவன் நோஞ்சான் புத்திசாலி. முதல் 20 நிமிடத்தை மறுபடி ஆடிப் பாருங்கள். சின்னதாகவாவது வேறு மாதிரி போகிறதா? ஒரு கதவு மூடி இன்னொன்று திறக்கிறதா?

ஃபால்அவுட்டில் அறிவை 3-க்கோ அதற்குக் கீழோ வைத்து ஆரம்பித்தால் உங்கள் ஆளால் ஒரு வாக்கியம் ஒழுங்காகப் பேச முடியாது. உறுமல், ஒற்றைச் சொல். எதிரில் இருப்பவர்கள் குழந்தையிடம் பேசுவது மாதிரிப் பேசுவார்கள், பலர் பேசவே மாட்டார்கள். பாதிக் கதை கைவிட்டுப் போகும். போகட்டும் என்று விட்டுவிடுகிறார்களே, அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பிடித்தது. எல்லோருக்கும் எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும் என்று தவிக்கும் கேம் இந்தப் படியில் தேறுவது கஷ்டம்.

உடனே விட்ச்சர் 3 என்று ஒருவர் கை தூக்குவார். அதில் ஆளை நாம் உருவாக்குவதில்லை, கெரால்ட்தான், நரைத்த முடிதான். சரி. ஆனால் அவன் வாளை நம்புகிறவனா, மருந்து காய்ச்சுகிறவனா, மந்திரக் குறியால் அடுத்தவன் மனதை வளைக்கிறவனா என்பது நம் முடிவு. மனதை வளைக்கும் வித்தை கற்றிருந்தால் உரையாடலிலும் புது வழி வரும். தாராளமாக ஆர்பிஜி.

படி 7: ஜப்பான் கேள்வி

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் ஃபைனல் ஃபேன்டசி வகையறாக்களில் பல 2, 5, 6-ம் படிகளில் வழுக்கிவிடும். நாயகன் முன்பே எழுதப்பட்டவன், கதை ஒரே தண்டவாளம். ஆனாலும் அவற்றை ஆர்பிஜி இல்லை என்று சொன்னால் அடிக்க வருவார்கள். வரட்டும், அவர்கள் பக்கம்தான் நியாயம்.

காரணம் வரலாற்றில் இருக்கிறது. டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் வந்த அடுத்த வருஷமே, 1975-ல், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்து பிளேட்டோ கம்ப்யூட்டர் அமைப்பில் மாணவர்கள் அதை நிரலாக எழுத ஆரம்பித்துவிட்டார்கள். பெடிட்5 என்று ஒன்று, பாடக் கோப்பு மாதிரிப் பெயரில் ஒளிந்திருந்தது. நிர்வாகத்தினர் கண்டுபிடித்து அழித்தார்கள். கம்ப்யூட்டருக்கு மேஜையில் இருந்ததெல்லாம் வரவில்லை. நண்பர்களின் அரட்டையும், ஆட்டம் நடத்துபவரின் கற்பனையும் வரவில்லை. கணக்கு மட்டும் சுலபமாக வந்தது. உயிர்ப் புள்ளி, அடி, அனுபவப் புள்ளி. 1981-ல் விசார்ட்ரியும் அல்டிமாவும் அந்தக் கணக்கை வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்தன. அந்த இரண்டிலும் மயங்கிய யூஜி ஹோரி 1986-ல் டிராகன் குவெஸ்ட்டைச் செய்தார். சின்னக் கார்ட்ரிட்ஜ், நாலு பட்டன், சிறுவர்கள் ஆட வேண்டும். ஒரே நாயகன், தேர்வே இல்லை, லெவல் மட்டும் தானாக ஏறும். அடுத்த வருஷம் ஃபைனல் ஃபேன்டசி.

ஆக ஒரே வீட்டுப் பிள்ளைகள், பாகப் பிரிவினையில் ஒருவருக்குக் கணக்குப் புத்தகம், இன்னொருவருக்கு முடிவெடுக்கும் உரிமை போனது மாதிரி. படி 3-ஐப் போய்ப் பாருங்கள், டிராகன் குவெஸ்ட்டில் நூற்றுக்கு நூறு தப்புவது ஆள்தான். உங்கள் விரலுக்கு அங்கே வேலையே இல்லை. அதனால் எனக்குச் சந்தேகம் கிடையாது, அது ஆர்பிஜி.

இதில் நம்மூர்க்காரர்களுக்கு மட்டும் சிரிப்பு வரக்கூடிய விஷயம் ஒன்று உண்டு. முதல் டிராகன் குவெஸ்ட்டில் நீங்கள் வைக்கும் பெயரின் எழுத்துகளைக் கணக்கிட்டுத்தான் நாயகனின் குணங்கள் வளரும். ஒரு எழுத்தை மாற்றினால் பலம் மாறும். நியூமராலஜி பார்த்துப் பெயரில் கூடுதலாக ஒரு எழுத்து சேர்த்துக்கொள்ளும் நம் ஆட்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை.

படி 8: தாளைக் கூட்டுங்கள்

மார்க் போட்டு 60-க்கு மேல் பாஸ் என்று சொல்ல மாட்டேன். ரோக்லைக் (ரோக் என்ற பழைய கேமின் பாணியில் வருபவை) செய்பவர்களும் ரசிகர்களும் 2008-ல் பெர்லினில் கூடி, அந்த வகைக்கு என்னென்ன இலக்கணம் என்று பட்டியல் போட்டார்கள். முக்கியமானவை, அவ்வளவு முக்கியம் இல்லாதவை என்று பிரித்தார்கள். சிலது இல்லாவிட்டாலும் அந்த வகையில்தான் சேரும் என்றும் சேர்த்தே எழுதி வைத்தார்கள். புத்திசாலித்தனம். நானும் அப்படித்தான் பார்க்கிறேன். 3-ம் படி கட்டாயம். மற்ற ஐந்து சோதனைகளில், அதாவது 2, 4, 5, 6 ஆகியவற்றில்... பாருங்கள், எனக்கே கணக்குத் தப்புகிறது, நாலுதான். அந்த நாலில் ஒன்றாவது தேற வேண்டும். ஜப்பான் கேம்கள் பெரும்பாலும் 4-ல் நுழைந்துவிடும். முதல் டிராகன் குவெஸ்ட்டுக்கு அதுகூட இல்லை, எண்ணை எங்கே போடுவது என்று அது கேட்பதே இல்லை. ஆனால் 3-ல் அது வாங்கியது நூற்றுக்கு நூறு. அவ்வளவு வாங்கினால் மீதியை நான் கேட்பதில்லை. முன்னோருக்குக் கொடுக்கும் சலுகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தகராறு வரும் சிலதை வேகமாகப் பார்த்துவிடுவோம். முதல் செல்டா, 1986: இதயங்களைத் தேடி எடுக்கிறீர்கள், அடித்து வளர்வதில்லை, கத்தி பட்டால் பட்டதுதான். இல்லை. டயாப்லோ: கதை, பேச்சு எல்லாம் ஒப்புக்கு, ஆனால் கணக்கு மலை மாதிரி, ஆளுக்கு ஆள் பில்டு, அதாவது திறமைகளைச் சேர்த்துக் கட்டும் விதம், வேறு. ஆம். ஸ்டார்டியூ வேலி, 2016: விவசாயம், மீன்பிடி என்று 5 திறமை, 5-ம் லெவலிலும் 10-ம் லெவலிலும் இரண்டில் ஒரு தொழிலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், திறமை ஏறினால் தூண்டில் பட்டை நீளும். விரலும் வேண்டும், எண்ணும் வேண்டும். நான் உள்ளே விடுவேன், எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் பாதிப் பேர் விட மாட்டார்கள். புனேக்காரர்கள் செய்த ராஜி, 2020: நம் கோயில் சுவர், நம் சாமி, பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். அதற்காக ஆர்பிஜி ஆகிவிடாது, தாவுவதும் தப்புவதும் முழுக்க உங்கள் விரல்தான். பால்டர்ஸ் கேட் 3, 2023: இதைப் பற்றிச் சந்தேகம் கேட்டால் ஆளை எழுப்பி வெளியே அனுப்பிவிடுவோம்.

அக்கா பையன் அன்று ராத்திரியே உட்கார்ந்துவிட்டான். 1 மணி 50 நிமிடம் ஆனபோது வாட்ஸ்அப்பில் தாளின் போட்டோ வந்தது. படி 2-ல் மூக்கு, முடி தவிர எதுவும் இல்லை. படி 3-ல் பத்துத் தோல்வி, பத்துக்கும் எதிரே 'நான்' என்று எழுதியிருந்தான். படி 4-ல் ஸ்கில் ட்ரீ முழுவதையும் நிரப்ப முடிகிறது என்று குறிப்பு. படி 6-ல் செய்வதற்கு இரண்டாவது ஆளே இல்லை.

"அப்ப திருப்பிக் கொடுத்துடு, இன்னும் 10 நிமிஷம் இருக்கு" என்று அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. அப்புறம் வாய்ஸ் மெசேஜ் வந்தது. பின்னணியில் அம்பு பாயும் சத்தம்.

"ஆர்பிஜி இல்ல மாமா, கன்ஃபர்ம். ஆனா வில்லு செமையா இருக்கு. நானே வச்சிக்கறேன்."